மூன்றாம் பாகமும் என் பித்தளைப் புல்லியும்

கும்மிடிப்பூண்டியில் முள்ளுச்செடி தவிர வேறெதுவும் முளைக்காத தரையில் முதல் ஷெட் போட்டவன் நான். கூரைக்கு இரும்புச் சட்டம் ஏற்ற ஆள் கூப்பிட்டால், அங்கே பாம்பு இருக்கிறது என்று பொன்னேரிக்காரர்கள் வர மறுத்தார்கள். நானே ஏணி போட்டு ஏறி நானே வெல்டு வைத்தேன். மூன்று வயல் தாண்டி நின்ற கரண்டு கம்பத்தை என் வாசல் வரை நடக்க வைத்தேன். தண்ணீர் பார்க்கிறவர் காட்டின இடத்தில் உப்புத் தண்ணீர் வந்தது. அதை மூடிவிட்டு நான் காட்டின இடத்தில் தோண்டினோம், இன்றைக்கும் அதைத்தான் குடிக்கிறார்கள். பழைய இரும்புக் கடையில் அடிப்பாகம் மட்டும் கிடந்த ஒரு லேத்தை வாங்கி வந்து, மேல்பாகம் முழுக்க நானே செய்து ஓட்டினேன். பல்சக்கரம் வெட்டுகிற சாமானை வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும் என்று எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, நான் அதையும் செய்துகொண்டேன். படிப்பு மூன்றாவதோடு சரி. இங்கிலீஷில் கையெழுத்து மட்டும் போடுவேன், அதுவும் படம் வரைகிற மாதிரி.

போன வருஷம் தொழிற்பேட்டைக்காரர்கள் ஒரு மலர் போட்டார்கள். என் படத்தைப் போட்டு, முன்னோடி என்று எழுதி, மேலே சொன்னதையெல்லாம் வரிசையாகப் போட்டிருந்தார்கள். சந்தோஷம்தான். ஆனால் நான் செய்ததில் பெரிய ஒன்று விட்டுப் போயிருக்கிறது. போய்ச் சொன்னேன். மலர் போட்ட பையன்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அதனால் நானே எழுதுகிறேன்.

ஜெர்மன்காரர் ஒருத்தர் நூறு வருஷத்துக்கு முன்னால் எழுதின சிம்பொனி ஒன்று. நாலு பாகம். அதில் மூன்றாம் பாகத்தை உலகத்தில் யாரும் வாசிக்காத மாதிரி வாசிக்க வைத்தது நான்.

முதலில் திருவள்ளூரில் இருந்தேன். ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை, ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின். வீடு அதற்கு ஒட்டினாற்போல். அறுபதுகளில் ரயில்வேயில் இருந்த ஆங்கிலோ இந்தியப் பெரியவர் ஒருவர், ஆஸ்திரேலியா போகிறேன் என்று வீட்டுச் சாமானெல்லாம் விற்றார். நான் அவரிடம் இருந்த, இரும்பைக் கவ்விப் பிடிக்கிற பெஞ்சு வைஸ் வாங்கப் போனேன். வைஸோடு சேர்த்து ஒரு ரேடியோகிராமையும் என் தலையில் கட்டினார். நல்ல தேக்குப் பெட்டி. மேல்மூடியைத் தூக்கினால் இசைத்தட்டு சுற்றுகிற மெஷின். கூடவே ஒரு கட்டு இசைத்தட்டு. அதை யாரும் கேட்கவில்லையாம், தூக்கிப் போடவும் அவருக்கு மனசு வரவில்லையாம்.

என் வீட்டுக்காரிக்குப் பெட்டி பிடித்துவிட்டது. மேலே துவைத்த துணியை மடித்து வைப்பாள். தட்டுப் போட வேண்டுமானால் நான்தான் துணியை எடுத்துக் கட்டிலில் வைக்க வேண்டும்.

மெஷின் ஓடவில்லை. மோட்டார் தலையில் ஒரு சின்னப் புல்லி இருக்கும், சுண்டு விரல் நுனியை விடச் சின்னது. அது சுற்றி, ரப்பர் சக்கரம் ஒன்றைச் சுற்ற வைத்து, அந்த ரப்பர் சக்கரம் தட்டைச் சுற்ற வைக்கும். அவ்வளவுதான் விஷயம். அந்தப் புல்லி தேய்ந்து, விரிசல் விட்டிருந்தது. பித்தளைத் துண்டு ஒன்றை லேத்தில் மாட்டி, பழைய புல்லியை அளந்து, அதே மாதிரி ஒன்று கடைந்தேன். வெயில் இறங்குவதற்குள் முடித்துவிட்டேன். வெளியே கொடுத்திருந்தால் சைனா பஜார், பம்பாய் என்று அலைக்கழித்திருப்பார்கள்.

ஓடியது. முதலில் கையில் வந்த தட்டைப் போட்டேன். அட்டையில் ஒரு கிழவர், கண்ணை மூடிக்கொண்டு, கன்னத்தில் கை வைத்திருப்பார். அவர்தான் கண்டக்டர். பஸ்ஸில் விசில் அடிப்பவர் அல்ல. நூறு வாத்தியக்காரர்கள் நடுவில் ஒரு குச்சியோடு நின்று, எப்போது வேகம், எப்போது நிதானம், யார் எங்கே சேர வேண்டும் என்று காட்டுகிறவர். எழுதினது ஒருவராக இருந்தாலும், அதை எப்படிச் சொல்வது என்பது இந்தக் குச்சிக்காரர் கையில் இருக்கிறது. இதையெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்றைக்குத் தெரிந்தது, என் லேத் சத்தத்துக்கு மேலே இவ்வளவு சத்தம் இருக்கிறது என்பது மட்டும்தான்.

"இன்னா இது, கல்யாண மண்டபத்துல பாத்திரம் உருட்டற மாதிரி?" என்றாள் அவள்.

"சும்மா இரு. இது சீமைக் கச்சேரி."

"சீமையில சண்ட போட்டாக்கூட கச்சேரியா?"

மூன்றாம் பாகம் வந்தபோது அவள் பேசவில்லை. அது தாழ்ந்த குரல் உள்ள பெரிய பிடிலில் ஆரம்பிக்கும். ஒரு மெட்டு. போகும், பாதியில் நிற்கும், யோசிக்கும், திரும்ப நடக்கும். பிறகு வேறு என்னென்னவோ வந்து, கடைசியில் அதே மெட்டை ஒரு கொம்பு மட்டும் தனியாக எடுத்து ஊதும். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கொம்பு வருவதற்குச் சற்று முன்னால் முறம் நின்றது.

"யாரோ யாரையோ தேடிக்கினு போறாங்க," என்றாள்.

அதற்குப் பிறகு எத்தனை தரம் போட்டாலும் அந்த இடத்தில் முறம் நிற்கும். கொம்பு ஊதி முடித்த பிறகு மறுபடி ஆரம்பிக்கும். அவள் அதைத் தெரிந்து செய்தாளா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் செய்யமாட்டாள் என்று தோன்றும்.

அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அவள் போய்விட்டாள். வயிற்றில் கட்டி. எங்களுக்குக் குழந்தை இல்லை. திருவள்ளூர் வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் நிலம் இருக்கிறது என்றார்கள், போய்விட்டேன். ஷெட்டின் பின்பக்கம் ஒரு அறை போட்டுக்கொண்டேன். ரேடியோகிராம் தவிர வீட்டுச் சாமான் எதையும் எடுத்துப் போகவில்லை.

சாயங்காலம் ஷிப்டு முடிந்து எல்லோரும் சைக்கிளை மிதித்துக்கொண்டு போன பிறகு ஒரு அமைதி வரும் பாருங்கள். பழவேற்காடு பக்கத்திலிருந்து உப்புக் காற்று அடிக்கும், தகரம் ஒன்று எங்கேயாவது தட்டிக்கொண்டே இருக்கும். மெஷின் ஓடிக்கொண்டிருந்த காதுக்கு அந்த அமைதி ஒரு வியாதி மாதிரி. அப்போதுதான் தட்டுப் போடுவேன். துணி மடித்து வைக்க ஆள் இல்லாததால் மூடியைத் தூக்குவது சுலபமாக இருந்தது.

அந்தக் கிழவர் மூன்றாம் பாகத்தை வாசிக்க வைத்த விதம் எனக்கு நன்றாகப் புரிந்தது. லேத்தில் வெட்டுகிற டூல் இரும்பைத் தொடுவதற்கு முன்னால் ஒரு சின்ன நேரம் இருக்கும், கை மூச்சு விடாது. கிழவர் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அந்த நேரத்தை எடுத்துக்கொள்வார். அவசரமே இல்லை. போய்ச் சேர வேண்டிய இடத்தில் யாரும் இல்லை என்று தெரிந்தவன் நடக்கிற நடை. அவருக்கும் பெண்டாட்டி போயிருக்க வேண்டும் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அந்த மூடின கண்ணைப் பார்த்தாலே தெரியும். இங்கே ஒருவன், அங்கே ஒருவர், எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியும். அந்த நினைப்பு எனக்கு அப்போது தேவைப்பட்டது.

சனிக்கிழமை சாமான் வாங்க மெட்ராஸ் போவேன். வேலை முடிந்தால் மூர் மார்க்கெட்டில் பழைய தட்டு தேடுவேன். இங்கிலீஷ் படிக்கத் தெரியாததால் அட்டைப் படத்தை வைத்துத்தான் வாங்குவேன். குச்சியும் கையுமாக யாராவது இருந்தால் நம் ஆள். அப்படி ஒரு நாள் திரும்பி வரும்போது பாசஞ்சர் வண்டியில் எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்தவர், என் பையிலிருந்து எட்டிப் பார்த்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். மின்சார இலாகாவில் இன்ஜினியர். மீஞ்சூரில் குடும்பத்தோடு இருந்தார். என்னை விட இளையவர்.

"இது உங்களுதா?" என்றார்.

"ஏன் சார், திருடினவன் மாதிரி இருக்குதா?"

சிரித்துவிட்டார். பையை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவரிடமும் தட்டுகள் இருந்தன, என்னிடம் இருப்பதை விட அதிகம். பேச்சுப் போகப் போக என் கிழவர் வந்தார். அவரிடமும் அதே கிழவர், அதே சிம்பொனி இருந்தது. இளவட்டக் கண்டக்டர் ஒருவர் அதே சிம்பொனியை வாசிக்க வைத்த தட்டும் இருந்தது.

"உங்க கிழவர் நல்லாத்தான் பண்றார் முதலாளி," என்றார். அன்றைக்கே என்னை முதலாளி ஆக்கிவிட்டார். "ஆனா மூணாம் பாகத்துல அவசரம். பஸ்ஸ விட்டுடுவோமோன்னு போற மாதிரி."

"யாரு, எங்க கிழவரா? சார், அவர் ஒரு அடி வெச்சிட்டு அடுத்த அடி வெக்கறதுக்குள்ள நான் பீடி பத்த வெச்சிடுவேன்."

"அது வேற ஆளா இருக்கும்."

"கண்ண மூடிக்கினு, கன்னத்துல கை வெச்சிக்கினு?"

"அவரேதான்."

"அப்ப சார், உங்க காதைக் கொஞ்சம் டாக்டர் கிட்ட காட்டுங்க."

"நான் உங்க காதைச் சொல்லலாம்னு இருந்தேன். லேத் பக்கத்துல நிக்கற காது."

மீஞ்சூர் வந்து அவர் இறங்கிப் போய்விட்டார். அடுத்த சனிக்கிழமை அதே பெட்டியில் எனக்கு இடம் போட்டு வைத்திருந்தார்.

அப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. ஒரே பெண்ணைப் பார்த்துவிட்டு வந்து ஒருத்தர் குட்டை என்றும் ஒருத்தர் நெட்டை என்றும் சொல்கிற மாதிரி. அவர் இளவட்டத்தின் பக்கம், நான் கிழவரின் பக்கம். மூன்றாம் பாகத்தை அவர் வாயாலேயே பாடிக் காட்டுவார், தொடையில் தாளம் தட்டி. நான் அதே மெட்டை என் தொடையில் தட்டுவேன், பாதி வேகத்தில். மீன்கூடையோடு உட்கார்ந்திருக்கும் பழவேற்காட்டு அம்மாக்கள் எங்களைப் பார்த்து, "இன்னா நைனா, பஜனை கோஷ்டியா?" என்பார்கள். எனக்கு வாரத்தில் பேச்சுத் துணை என்றால் அந்த ரயில்தான். ஷெட்டில் என்னோடு பேசுகிறவர்கள் எல்லாம் சம்பளம் வாங்குகிறவர்கள். ஆமாம் என்பதைத் தவிர வேறு சொல்லமாட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரே வந்தார். கையில் அவர் வீட்டம்மா கட்டிக் கொடுத்த டிபன் கேரியர். புளிச்சாதம், வடை. தனியாகப் பொங்கித் தின்கிற ஆளுக்கு அது என்ன என்று தனியாகப் பொங்கித் தின்கிறவனுக்குத்தான் தெரியும்.

கிழவரைப் போட்டேன். அவர் நெற்றியைச் சுருக்கினார். முதல் பாகம் முடிவதற்குள் எழுந்து மெஷின் பக்கம் போய்க் குனிந்து பார்த்தார்.

"முதலாளி, சுருதி இறங்கி இருக்கு."

"கரண்டு டல் சார். சுத்திலும் பம்பு செட்டு. உங்க ஆளுங்கதானே கரண்டு உடறது, அவங்களைக் கேளுங்க."

வடையைத் தின்றுவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு ஒரு வட்ட அட்டை கொண்டுவந்தார். அட்டை முழுக்கச் சக்கரத்து ஆரம் மாதிரி கறுப்புக் கோடுகள். தட்டுக்கு மேலே அதை வைத்துச் சுற்ற விட்டு, டியூப் லைட் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வேகம் சரியாக இருந்தால் கோடுகள் நகராமல் நிற்குமாம். மெதுவாக இருந்தால் பின்னால் நகருமாம்.

கோடுகள் பின்னால் நகர்ந்தன. சாவகாசமாக, ஒன்றன் பின் ஒன்றாக, யாரோ கதவைப் பார்த்துக்கொண்டே அறையை விட்டுப் பின்வாங்குகிற மாதிரி.

"கரண்டுதான் டல்," என்றேன்.

"கரண்டு டல்லானா லைட்டும் சேர்ந்துதான் மெதுவா மினுக்கும், முதலாளி. இந்த அட்டை அதை மன்னிச்சிடும். இது கரண்டு இல்ல, மெஷின்." பிறகு கேட்டார்: "அந்தப் புல்லி கம்பெனி போட்டதா?"

"நம்ம கை வேலை," என்றேன். அப்போதுகூடப் பெருமையாகத்தான் சொன்னேன்.

"எதைப் பார்த்து அடிச்சீங்க?"

"பழைய புல்லிய அளந்து."

"அது தேஞ்சிருந்ததா?"

எங்கள் ஜாப் ஒர்க் தொழிலுக்கே சாம்பிள்தான் சாமி. வரைபடம் எதுவும் கிடையாது. பழைய சாமானைக் கொண்டுவந்து கொடுத்து, இதே மாதிரி ஒன்று என்பார்கள். தேய்ந்த சாமானாகத்தான் இருக்கும், தேயாவிட்டால் எதற்குப் புதுசு. அதனால் தேயாத ஒரு ஓரத்தைத் தேடி அங்கே அளக்க வேண்டும். அது பழகின கைக்குத் தானாக வரும். ஆனால் அந்தப் புல்லியில், ரப்பர் சக்கரம் தொடுகிற இடமே நெல்லு உமி அகலம்தான். ஓரம் என்று ஒன்று இல்லை. முழுக்க அரிக்கப்பட்டிருந்தது. நான் தேய்மானத்தையும் சேர்த்துக் கடைந்திருக்கிறேன். பெரிய உருளையில் அந்த மயிரிழை ஒன்றும் செய்யாது. இவ்வளவு சின்னதில் அது சிம்பொனியையே மாற்றிவிடும்.

"புரியுது," என்றேன். வேறென்ன சொல்வது.

அப்போதே லேத்தைப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் ஒரு மெஷின் மட்டும் ஓடுகிற சத்தம் வேறு மாதிரி இருக்கும். பித்தளையைக் கொஞ்சம் பெரிசாகவே கடைந்து, மாட்டி, அட்டையைப் பார்த்து, எடுத்து, ஒரு மயிரிழை குறைத்து, மறுபடி மாட்டி. கடைசியில் கோடுகள் நின்றன. ஆணி அடித்த மாதிரி. இதைச் செய்ய மெட்ராஸில் ஆள் உண்டா என்று கேட்டேன். இல்லை என்று இன்ஜினியர் ஒத்துக்கொண்டார்.

தட்டைப் போட்டோம். மூன்றாம் பாகம்.

"இதுதான் உங்க கிழவர்," என்றார் அவர். முகமெல்லாம் சிரிப்பு. ஒரு வருஷத்து வழக்கு ஜெயித்தவர் இல்லையா.

கேட்டேன். நன்றாக இருந்தது, பொய் சொல்லக்கூடாது. எல்லாம் பளிச்சென்று இருந்தது. ஆனால் அது வேறு ஆள். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர். வீட்டில் சோறு போட்டு வைத்துக்கொண்டு யாரோ காத்திருக்கிறார்கள். அந்த நடை. அவருக்குப் பெண்டாட்டி இருக்கிறாள், சாயங்காலம் டிபன் கேரியரைக் கழுவி வைக்கிறாள். கொம்பு வந்தது. என் மனசில் முறம் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அது நிற்பதற்குள் கொம்பு வந்துவிட்டது.

அவர் போன பிறகு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கூட ஒருவர் இருக்கிறார் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். ஜெர்மனியில் கண்ணை மூடிக்கொண்டு ஒருவர். இல்லை. அவர் அப்படி வாசிக்க வைக்கவே இல்லை. அந்த ஒவ்வொரு அடிக்கும் முன்னால் காத்திருந்தது நான் ஒருத்தன்தான்.

திங்கட்கிழமை, திருவள்ளூரில் நான் கடைந்த பழைய புல்லியைத் திரும்ப மாட்டினேன்.

சனிக்கிழமை ரயிலில் அதைச் சொன்னதும் அவர் கோபித்துக்கொண்டார். "உங்க மெஷின்ல எந்தக் கண்டக்டரைப் போட்டாலும் ஒரே மாதிரி சோகமாத்தான் இருப்பாரு. அப்புறம் எதை ஒப்பிடறது?"

"எல்லாரும் ஒரே அளவு ஸ்லோ ஆனா ஒப்பிடலாமே சார். எல்லாரையும் ஒரே படி கீழ எறக்கி நிக்க வெச்ச மாதிரிதானே?"

"சுருதி?"

நான் பையிலிருந்த தட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"சரியான புல்லி போட்டா ஞாயித்துக்கிழமை வரேன்," என்றார். "இல்லேன்னா நமக்கு ரயில் போதும்."

எனக்கு அவர் வேண்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சின்னத் திருகாணியைத் தளர்த்தி, சரியான புல்லியை மாட்டுவேன். திங்கட்கிழமை சாயங்காலம் கழற்றுவேன். நல்ல ஞாயிறுகள் அவை. ஒரே மெட்டில் எந்த இடத்தில் கிழவர் பிடிலை முன்னால் விடுகிறார், இளவட்டம் எங்கே கொம்பை அடக்குகிறான், எவன் சத்தத்தைச் சேர்த்து வைத்துக் கொட்டுகிறான், எவன் ஆரம்பத்திலேயே கொட்டிவிட்டு முழிக்கிறான், எல்லாம் பேசுவோம். நான்காம் பாகத்தில் இளவட்டம் சரி என்று நான் ஒத்துக்கொண்டேன். அன்றைக்கு அவருடைய டிபன் கேரியரில் கேசரி இருந்தது. முன்கூட்டியே தெரிந்து செய்த மாதிரி.

பிறகு ஒரு ஞாயிறு, என் வீட்டுக்காரி போன திதியும் அன்றே வந்தது. காலையில் காக்கைக்குச் சோறு வைத்தேன். சமைத்ததை ஒரு இலையில் போட்டு, பெட்டி முன்னால் வைத்தேன். அவளுடைய போட்டோ ஒன்றுகூட என்னிடம் கிடையாது. அதனால் அந்தப் பெட்டிதான். வழக்கம்போல் பழைய புல்லியைக் கழற்றி வைத்தேன், இரண்டும் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. சரியானதைக் கையில் எடுத்தேன். வைத்துவிட்டேன். பழையதை மாட்டினேன்.

அவர் வந்தார். கிழவரைப் போட்டேன். முதல் வரியிலேயே அவருக்குத் தெரிந்திருக்கும், அந்தக் காது அப்படி. இலையைப் பார்த்தார். என்ன என்று கேட்கவில்லை. மூன்றாம் பாகம் வந்தது. மெட்டு நடந்தது, நின்றது, யோசித்தது. கொம்பு வருகிற இடத்துக்குச் சற்று முன்னால் அவர், தொடையில் தட்டிக்கொண்டிருந்த விரலை நிறுத்தினார்.

முறம் நிற்கும் இடம். நான் அவரிடம் முறத்தைப் பற்றிச் சொன்னதே இல்லை.

முடிந்தது.

"பழைய புல்லி," என்றார்.

"ஆமா சார். இன்னிக்கி அதுதான்."

"தப்பு, முதலாளி," என்றார். பிறகு, "மூணாம் பாகத்தை மட்டும் இன்னொரு தரம் போடுங்க."

போட்டேன். முடிந்ததும் வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார். கேரியரை மறந்து வைத்துவிட்டுப் போனார்.

அதற்கடுத்த மாதங்களில் அவருக்கு மாற்றல் வந்தது, மெட்ராஸில் பெரிய ஆபீசுக்கு. சனிக்கிழமை ரயிலில் எதிர் சீட் காலியாக வந்தது. பிறகு வேறு யாராவது உட்கார்ந்தார்கள். என் கையில் அட்டை இருக்கும். யாரும் பார்க்கமாட்டார்கள். ஒரே ஒரு தரம் மீஞ்சூரில் வண்டி நின்றபோது நான் அனிச்சையாக இறங்குகிறவருக்கு வழிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டேன். இறங்க அந்தப் பெட்டியில் யாரும் இல்லை.

எழுபதுகளின் கடைசியில் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. மெட்ராஸில் தட்டுகள் போட்டுக் கேட்கிற ஒரு கூட்டம், மாதம் ஒரு தரம் கூடுவார்கள். ஒரே சிம்பொனியை வேறு வேறு கண்டக்டர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று அவர் பேசப் போகிறார். நல்ல வேட்டி கட்டிக்கொண்டு போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். நம்ம சிம்பொனிதான். இளவட்டத்தைப் போட்டார், கிழவரைப் போட்டார், இன்னும் இரண்டு பேரைப் போட்டார். பேச்சு இங்கிலீஷ். நடுவில் கும்மிடிப்பூண்டி என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவர் இன்னும் ஏதோ சொன்னார், சிரிப்பு நின்றது.

பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன், இன்னா சொன்னாரு என்று.

"கும்மிடிப்பூண்டில ஒரு ஷெட்டுல, பழுதான மெஷின் ஒண்ணுல, இந்த மூணாம் பாகத்தைக் கேட்டாராம். மெஷின் மெதுவா ஓடுச்சாம். இவர் கேட்டதுலயே அதுதான் மறக்க முடியாததுன்னு சொல்றார். எந்தக் கண்டக்டரும் அந்த அளவு பொறுமையா இருந்ததில்லையாம். தற்செயலா நடந்தது, ரெக்கார்டுல கிடைக்காதுங்கறார்."

கூட்டம் முடிந்ததும் அவர் நேராக என்னிடம்தான் வந்தார். இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். முடி நரைத்திருந்தது.

"வந்துட்டீங்களா முதலாளி."

"நான்னு சொல்லலியே சார்."

"மெஷின் பழுதுன்னு வேற சொல்றோம், உங்க பேரைச் சொன்னா உங்களுக்குக் குறைச்சல்னு விட்டுட்டேன்."

நல்ல மனுஷன். மனசறிஞ்சுதான் விட்டிருக்கிறார். அந்தத் திதி அன்றைக்கு அவர் மறந்து வைத்துவிட்டுப் போன கேரியரை, அவர் வீட்டம்மாவுக்காக எடுத்துப் போயிருந்தேன், அதைக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். ஊர் திரும்புகிற ரயிலில்தான் எனக்குப் பதில் வந்தது. அதை இங்கே எழுதுகிறேன், அவர் இருந்தால் படிக்கட்டும்.

முதல் தரம் அந்தப் புல்லியைக் கடைந்தது தற்செயல், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் உட்கார்ந்து கேட்ட அன்றைக்கு அது தற்செயல் இல்லை சார். சரியானது கையில் இருந்தது. கோடு நகராத புல்லி, உங்கள் கண் முன்னால் நானே கடைந்தது. அதை வைத்துவிட்டு இதை எடுத்து மாட்டினேன். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று நான்தான் முடிவு செய்தேன். அந்தக் கிழவர் குச்சியோடு நின்று செய்தது அதைத்தான், அதை விட அதிகமாக ஒன்றும் இல்லை. அவர் பேரை அட்டையில் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். நான் செய்தால் பழுதா?

அந்தப் பெட்டி இன்னும் என்னிடம் ஓடுகிறது. பழைய புல்லிதான் மாட்டியிருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம்.

தொழிற்பேட்டை மலரை மறுபடி அச்சடித்தால், ஷெட், கிணறு, லேத் என்கிற வரிசையின் கீழே இதையும் சேர்க்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் இனி அந்தக் கதையைச் சொல்கிறவர்கள், பழுதான மெஷின் என்பதை எடுத்துவிட்டு, ஆள் யார் என்று சொல்ல வேண்டும். கிழவர் பேருக்குக் கீழே, சின்ன எழுத்தில் போட்டாலும் போதும். மூன்றாம் பாகத்துக்கு மட்டும். மற்ற மூன்று பாகத்துக்கும் நான் உரிமை கேட்கவில்லை.